நடக்கட்டும்

சேலம் ராணுவ நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளன்.
சம்பளம் நாற்பத்தைந்து ரூபாய். போர்ப்படி தனி.

கடலூரில் கப்பலிறங்கிய ஜப்பானியன்
ஆத்தூர் வரைக்கும் வந்தான்.
வசிட்டநதி மணலில் மூன்று நாள் கிடந்தான்.
என்ன நினைத்தானோ, திரும்பிப் போனான்.
அவன் கண்ணாலும் பார்க்காத ஏற்காட்டுப் பாதையை
அதற்குள் நாமே தகர்த்திருந்தோம்,
பதினான்காம் கொண்டை ஊசி வளைவில்,
நாற்பத்தியொரு பேர் அதன்மேல் இருக்கும்போது.

காபித் தோட்டத்து ஆட்கள். கூலி வாங்க இறங்கியவர்கள்.
எட்டுக் கோவேறு கழுதைகளைக்
குற்றப்பத்திரிகை தனியாக எண்ணியிருந்தது, விலையோடு.

ஹவில்தார் மாரப்பன் கூண்டில் ஏறினான்.
திரியில் நெருப்பு வைத்தவன் அவன்தான்.
"போன் போட்டேங்கய்யா. ஆளுங்க இறங்கி வர்றாங்கன்னு சொன்னேன்.
கர்னல் ஐயா ஒரே வார்த்தைதான் சொன்னாரு:
நடக்கட்டும்."

நீதிபதிகள் மூவரும் என்னைப் பார்த்தார்கள்.
இங்கிலீஷில் அது என்ன?

அவர்கள் நடக்கட்டும், விடு, என்றா?
வேலை நடக்கட்டும், வெடி, என்றா?
எழுவாய் இல்லாமலே தமிழில் ஒரு வாக்கியம் உயிரோடிருக்கும்.
இங்கிலீஷ் வாசலிலேயே கேட்கிறது: யார்?
ஒன்றைச் சொன்னால் மாரப்பனுக்குக் கயிறு.
மற்றதைச் சொன்னால் கர்னலுக்கு.
ஜன்னல் விளிம்பில் சுண்ணாம்புக் கரட்டின் வெள்ளைப் புழுதி.
என் நாக்கிலும் அதுதான்.

கர்னல் தேவாசீர்வாதம் எழுந்தார்.
இரண்டு வாரமாக இங்கிலீஷ் மட்டும் பேசியவர்
தமிழில் சொன்னார்:
"நீ ஏனப்பா திண்டாடுகிறாய்?
அந்தச் சொல்லைத் தேடித்தான் எடுத்தேன்.
எதிரி வந்தால், வெடிக்கச் சொன்னவன் நான்.
வராவிட்டால், விடச் சொன்னவன் நான்.
மீதி அவன் கையில் இருக்கட்டும் என்று."

அவருடைய வக்கீல் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்.
அவர் உட்காரவில்லை.

சாட்சி பெஞ்சில் வெள்ளச்சி.
புத்தகம் வேண்டாமென்று சேர்வராயன்மேல் ஆணையிட்டவள்.
மகனையும் நாத்தனாரையும் அந்த வளைவில் விட்டவள்.
என்னிடம் கேட்டாள்: "அவரு என்ன சொல்றாரு?"
தமிழில்தானே அம்மா சொன்னார், என்றேன்.
"காதுல விழுந்துச்சு. என்ன சொல்றாரு?"

மற்றதெல்லாம் இங்கிலீஷில் சொன்னேன்.
அந்த ஒரு சொல்லை மட்டும்
எழுத்துக்கூட்டிக் கொடுத்தேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள்,
ஒருவர் தப்பாக.

தலைமை நீதிபதி மை ஒற்றிவிட்டு
விசாரணையைத் தொடரச் சொன்னார்,
இங்கிலீஷில், ஒற்றைச் சொல்லில்.
அதை உரக்கத் தமிழில் சொல்லவேண்டியது நான்.
வேறு சொல் தேடினேன்.
மலையிலிருந்து வந்திருந்தவர்கள்
நிமிர்ந்து
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.