ஒரு மூட்டை குறைந்ததற்கான விளக்கம்

தணிக்கை அதிகாரி அவர்களுக்கு,
நெஹ்ரிக் கணவாய்ச் சுங்கச்சாவடியிலிருந்து
எழுத்தர் பெர்னிக் எழுதிக்கொள்வது.

நீங்கள் கேட்ட மூட்டையைத் தின்றுவிட்டோம்.

பனி பதினொரு நாள் இறங்கியது.
கதவுக்கு வெளியே உலகம் இல்லை.
உள்ளே ஒரு கணப்பு, ஒரு வாளி, நாலு பேர்,
அரசு முத்திரையிட்ட ஒர்தாக் கிழங்கு ஒரு மூட்டை.

நாலு பேர் என்று எழுதியதற்கு மன்னிக்கவும்.
படிவப்படி: மனிதர் ஒன்று, ட்ரோகு ஒன்று,
இஸ்ஸில் ஒன்று, மாவெரி ஒன்று.
இனவாரியாகத்தான் எண்ண வேண்டும், தெரியும்.
ஆனால் இருட்டில் இருமினால்
எந்த இனம் இருமுகிறது என்று சொல்ல முடியவில்லை.

முதல் நாள் ஆளுக்கொரு மூலை.
குர்மத், மண் ஒட்டியிருந்த கிழங்கை அப்படியே கடித்தான்.
கழுவினால் ருசி போய்விடுமாம்.
எந்திரக்கல் சுற்றுகிற சத்தம் அந்த ட்ரோகு வாயில்.
ஸீயில் நகத்தால் சீவினாள்,
விளக்கில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிற மெல்லிசாக.
கதவிடுக்குக் காற்றில் உலர்த்தி நாலே சீவல்;
அதற்கு மேல் போனால் இறக்கை சொன்னபடி கேட்காது.
ஓலவா வாளித் தண்ணீரில் போட்டு மூடிவைத்தாள்.
மூன்றாம் நாள் அது மூச்சுவிடத் தொடங்கியது.
நாற்றத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.
நான் உப்புப் போட்டு வேகவைத்தேன்.
மூன்று பேரும் மூக்கைத் திருப்பிக்கொண்டார்கள்,
மூக்கு இருந்தவர்கள்.

ஐந்தாம் நாள் விறகு தீர்ந்தது.
(பழைய ரசீதுக் கட்டுகளையும் எரித்தேன்.
அதற்குத் தனி விளக்கம் அனுப்புகிறேன்.)
வேகாத ஒர்தா என் பல்லுக்கு அடங்கவில்லை.
ஓலவா வாளியை என் பக்கம் தள்ளினாள்.
தின்றேன். வாந்தி எடுத்தேன். மறுபடி தின்றேன்.
இரண்டாவது தடவை அது
அடுப்பில் ஏறாமலே சூடாக இருந்தது.

ஸீயிலின் நகங்கள் குளிரில் பிளந்துபோயின.
குர்மத் ஒரு கிழங்கை மென்று மாவாக்கி
உள்ளங்கையில் துப்பி நீட்டினான்.
பசி வந்தால் எல்லாம் பறந்துவிடும் என்பார்கள்.
பறக்கத் தெரிந்தவள்
அசையாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
வெகு நேரம்.
பிறகு குனிந்தாள்.

எட்டாம் இரவு பெயர்களைப் பற்றிப் பேச்சு வந்தது.
ட்ரோகு மொழியில் ஒர்தாவுக்கும் நாளைக்கும் ஒரே சொல்.
இஸ்ஸில்கள் அதைப் பாரம் என்கிறார்கள், செல்லமாக.
மாவெரிகளிடம் பெயரே கிடையாது,
விழுங்குகிற ஓசைதான். ஓலவா செய்து காட்டினாள்.
எல்லோரும் சிரித்தோம்.
உங்களில்? என்றான் குர்மத்.
எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி
"ஒர்தா ஆச்சா?" என்பதுதான் என்றேன்.
ஆகாவிட்டால்?
ஆச்சு என்றுதான் சொல்வோம்.

பத்தாம் நாள் மிச்சத்தைப் பங்கிட வேண்டியிருந்தது.
இங்கே இனத்துக்கொரு விற்பனை ஜன்னல்,
ஜன்னலுக்கொரு தராசு என்பது உங்கள் ஏற்பாடு.
நாலையும் கழற்றி வந்தேன்.
அதே கிழங்கு
மனிதர் தராசில் ஒரு சேர்.
ட்ரோகு தராசில் ஒன்றேகால். மாவெரியில் ஒன்றரை.
இஸ்ஸில் தராசில் இரண்டுக்கு ஒரு மயிரிழை குறைவு.

எனக்கு ஆறு வருடமாகத் தெரியும்.
அதையும் சொன்னேன்.
அன்று யாரும் என்னோடு பேசவில்லை.
ஆனால் என் பங்கு என் முன்னால் இருந்தது.

குறைந்தது ஒரு மூட்டை என்று எழுதியிருக்கிறீர்கள்.
என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளவும்.
எந்தத் தராசில் நிறுப்பீர்கள்
என்பதை மட்டும் முன்கூட்டித் தெரிவிக்கவும்.

பின்குறிப்பு:
ஓலவா வாளியை இங்கேயே விட்டுப் போய்விட்டாள்.
அரசு வாளிதான், கணக்கில் சேர்த்துவிட்டேன்.
உள்ளே இருப்பதைச் சேர்க்கவில்லை.
அது இன்னும் புளித்துக்கொண்டிருக்கிறது.