வீட்டு இலக்கம்

ஆனியில் எனக்குச் சீட்டு விழுந்தது.
இருபத்தையாயிரம்.
ஹட்டன் டவுனில் உடுப்புக்கடைக் கல்லாவில் இருப்பவள் நான்,
பிறர் காசை எண்ணி எண்ணி
விரல்நுனி வழுக்கிப்போனவள்.
என் காசை எங்கே வைப்பதென்று
மட்டும் தெரியவில்லை.

நகை என்றாள் அக்கா லோகினி.
அடகுக்கடையில் குடியிருக்கப் போகிற நகைக்கு
கழுத்து எதற்கடி என்றேன்.
இரண்டு நாள் பேசவில்லை.

பங்குத் தரகர்கள் மூவர். மூன்று செயலிகள்.
சம்பள நாளில் போட்ட டேட்டா
மூன்றையும் இறக்கியதில் பாதி தீர்ந்தது.

முதலாவது பார்க்க லட்சணம்.
திறந்ததும் பச்சையும் சிவப்புமாய்க் கோடுகள்,
கவ்வாத்து வெட்டிய மலை மாதிரி.
கணக்கில் முதலில் ஐம்பதாயிரம் வை என்றது.
மூடினேன்.

இரண்டாவதில் தமிழ் இருந்தது.
பங்கு என்று வரவேண்டிய இடமெல்லாம்
'பகிர்' என்றிருந்தது.
நூறு பகிர் வாங்கவும்.
உங்கள் பகிர் இறங்கியது.
சிரித்துவிட்டு, பிறகு யோசித்தேன்:
என் மொழியை இப்படி எண்ணுகிறவர்கள்
என் காசை எப்படி எண்ணுவார்கள்?

மூன்றாவது,
வாங்கினாலும் தரகு, விற்றாலும் தரகு,
லாபமோ நட்டமோ அவர்களுக்குக் கவலையில்லை.
சங்கச் சந்தா பழகின வீட்டுக்கு
இதில் புதுசாக ஒன்றுமில்லை.

படிவத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்ட மூன்று பெட்டிகள்.
வீட்டு இலக்கம். தெரு. நகரம்.
லயம் ஏழு. காம்பரா நாலு.
தெரு?
கரண்ட் பில் தோட்டத்தின் பெயரில்.
தண்ணீர் பீலியின் பெயரில்.
பெட்டியை வெறுமையாய் விட்டு அடுத்ததை அழுத்தினால்
அந்த நட்சத்திரம் துடிக்கிறது.

சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் தண்ணீர்த் தொட்டியடி.
ஏறிப்போய் அழைத்தேன்.
வீடியோவில் முகத்தைக் காட்டச் சொன்னாள் ஒருத்தி,
பெயர் சுபோதினியாம், கொழும்பு.
"படம் மங்கலாக இருக்கு மிஸ்."
படம் சரிதான், மூட்டம் இறங்குது என்றேன்.
தெரு இல்லை என்றும் சொன்னேன்.
அந்தப் பக்கம் கொஞ்சநேரம் சத்தமில்லை.
பிறகு, தாழ்ந்த குரலில்,
"எத்தனையாம் நம்பர் லயம்?"

எந்தப் படிவத்திலும் இல்லாத சொல்.

"கொழுந்து மடுவத்துக்கு மேலே என்று
தெருவில் எழுதுங்க. நான் பார்த்துக்கிறேன்."

கட்டணங்களை ஒப்பிட்டுத் தெரிந்தேன் என்று
கடையில் கேட்டவர்களிடம் சொன்னேன்.

கணக்குத் திறந்த இரவு
தேடும் பெட்டியில் எங்கள் தோட்டத்துக் கம்பனியை அடித்தேன்.
இருந்தது,
நாலு எழுத்தாய்ச் சுருங்கி, பக்கத்தில் விலையோடு.
சம்பளப் பேச்சு நடந்த வருசம்
நட்டம் நட்டம் என்று வாசலில் வந்து சொன்னார்களே,
அதே வருசத்துக்கு நேரே
இலாபம், பச்சையில்.
பக்கத்தில் அம்மா
கையில் அட்டை கடித்த இடத்துக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
காட்டவில்லை.
இருபது பங்கு வாங்கினேன்.
மிச்சத்தை ஒரு பிஸ்கட் கம்பனியில் போட்டேன்.
அது மறுவாரமே விழுந்து இன்னும் எழும்பவில்லை.

மாசியில் கடிதம்.
தபால் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும்.
பெரிய கிளாக்கர் உறையை முன்னும் பின்னும் பார்த்தாராம்,
துரைக்கு வந்ததோ என்று.
'அன்புள்ள பங்குதாரருக்கு.'
வருடாந்தப் பொதுக்கூட்டம், கொழும்பு, காலை பத்து மணி.
வர இயலாவிடில்
தமக்குப் பதிலாக ஒருவரை நியமிக்கலாம்,
அவர் பேசலாம், கை உயர்த்தலாம்.
கீழே ஒரு கோடு.

எனக்குக் கடையில் லீவு இல்லை.
கோட்டில் அம்மாவின் பெயரை எழுதினேன்:
முத்தழகி பெரியண்ணன்.
வாசித்தும் காட்டினேன்.

கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள்,
"அன்னிக்குப் பேர் போடுவாங்களா,
இல்ல, அரைப் பேர்தானா?"