மாதிரி எண் நாற்பத்தொன்று

காலையில் எதுவும் சாப்பிடக்கூடாது.
மாமாக் கடையில் ரொட்டி சானாய் வீசுகிறவன்
மாவை என் முகத்துக்கு நேரே விரித்தான்.
வெறுந்தண்ணீர் குடித்துவிட்டு
ஜார்ஜ் டவுன் மருத்துவமனைக்குக் கிராப் ஏறினேன்.

ஈயப் பேழையிலிருந்து
ஊசியை எடுத்தார் சியூ லிங்.
ஊசிக்குள் சர்க்கரை,
சர்க்கரையின் முதுகில் ஒரு ஃபுளோரின்.
நூற்றுப்பத்து நிமிடத்தில் பாதி சாகும்,
மிச்சத்தில் பாதி அடுத்த நூற்றுப்பத்தில்.
"இனிக்குமா?" என்றேன்.
"நாக்குக்குத் தெரியாது,
பசித்த இடத்துக்குத் தெரியும்."

மூளைக்கு எப்போதும் பசி.
இதயத்துக்கு அவ்வப்போது.
இடது மார்பில் கொண்டைக்கடலை அளவில் ஒன்று.
அதற்குப் பசிக்கிறதா
என்பதுதான் இன்றைய கேள்வி.

வளையத்துக்குள் என்னைத் தள்ளினார்கள்.
ஒவ்வோர் அணுவும் சாகும்போது
இரண்டு கதிர்கள் கிளம்புகின்றன,
பாகப்பிரிவினை முடிந்த அண்ணன் தம்பி போல
நேர் எதிர்த் திசைகளில்,
திரும்பிப் பார்க்காமல்.
சுற்றிலும் பல்லாயிரம் படிகங்கள்.
இருவரையும் ஒரே நொடியில் பிடித்து
எங்கே பிரிந்தீர்கள் என்று விசாரிக்கின்றன.

"உள்ளே இருப்பது லுட்டீஷியமா பிஸ்மத்தா?"
கேட்டுவிட்டேன்.
"ஜாங்கான் கெராக்" என்று
மலாயில் அதட்டியது ஒலிபெருக்கி.
அசையவில்லை.

அவரிடம் சொல்லியிருக்கலாம்,
இதுதான் என் வேலையும் என்று.
ஏழு வருடமாக, குளுகோர் மேட்டில்,
குளிர்சாதனம் செத்த ஓர் அறையில்
போரேட்டையும் கடோலினியத்தையும் உருக்குகிறேன்.
படிகம் பணக்கார வீட்டுப் பிள்ளை,
வாரக்கணக்கில் வளர்க்கவேண்டும்.
கண்ணாடி அப்படியல்ல. ஊற்றினால் உறையும்,
எந்த அச்சுக்கும் சம்மதிக்கும்,
ஆனால் சோம்பேறி. ஒளி தா என்றால்
நாளைக்கு வா என்கும்.
அதை உசுப்பத்தான் ஒரு சிட்டிகை சீரியம்.
அதற்கோ கொஞ்சம் காற்றுப் பட்டால் போதும்,
மஞ்சள் காமாலை.
பதினாறு மஞ்சள். ஒன்பது விரிசல்.
உலை நள்ளிரவில் நின்றுபோய் ஐந்து.
மற்றவை ஏன் தோற்றன என்று
அவற்றுக்கே தெரியாது.
நேற்று, கரித்தூள் மூட்டத்தில் உருக்கி எடுத்தது
நாற்பத்தொன்று.

"ஆறு மணி நேரத்துக்குக்
கர்ப்பிணிகள், குழந்தைகள் பக்கம் போகவேண்டாம்."
நூருலுக்கு ஏழாம் மாதம்.
காரிலிருந்தே செய்தி அனுப்பினேன்:
ஆய்வகத்தை விட்டுப் போ, நான் வருகிறேன்.
என்ன கோபம் என்று கேட்டாள்.
கோபமில்லை, கதிர்வீச்சு.

கறுப்புப் பெட்டி. ஒளிபெருக்கிக் குழாயின் முகத்தில்
ஒரு பொட்டுப் பசை,
அதன்மேல் நாற்பத்தொன்று,
இருபது சென் நாணயம் அகலத்தில்.
மூடினேன். நிமிடத்துக்கு எத்தனை
என்று கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன்:
இருநூற்றுப் பன்னிரண்டு.
அது மலையின் கருங்கல், விண்ணின் தூறல்,
எல்லோருக்கும் பொதுவானது.

கதிர்மூலம் வேண்டுமென்றால் மூன்று படிவம்,
இரண்டு கையெழுத்து, ஒரு சாவி.
இன்று எதுவும் வேண்டாம்.
நாற்காலியை இழுத்துப்போட்டுப்
பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

தள்ளிப்போனேன், இறங்கியது.
வந்தேன், ஏறியது.
மூன்று தடவை போய் வந்தேன்,
கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு
நாலாவது தடவையும்.

ஒற்றைக் கண்ணாடிக்கு எண்ணத்தான் தெரியும்,
இடம் சொல்ல வளையம் வேண்டும்.
இருந்தாலும்
இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை
சாய்ந்து பார்க்கலாமே என்று தோன்றியது.
பார்க்கவில்லை.

குறிப்பேட்டில் எழுதினேன்.
மாதிரி: நாற்பத்தொன்று.
நிறம்: இல்லை.
மூலம்:
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
நான், என்று எழுதினேன்.

நூற்றுப்பத்து நிமிடம் ஆவதற்குள்ளேயே
எழுபதாயிரத்துக்கு வந்துவிட்டது.
இரண்டு முறை கழிவறை போனேன்,
அதையும் கணக்கில் எழுதவேண்டும்.

நூருல் கேட்டாள்: மஞ்சளா?
இல்லை.
ஸ்கேன்?
வியாழக்கிழமை.

பசித்தது.
எந்த இடத்துக்கு என்று யோசிக்காமல்
விளக்கைப் போட்டேன்.