முப்பது நொடி

என்னிடம் ஒன்பது இருக்கிறது.
விமானத்தை அண்ணாந்து பார்த்துச் சுட்ட ஜெர்மன்காரன் சாமான்.
எல்லாம் காலி. விலாவில் துளை போட்டது.
கண் வைத்துப் பார்த்தால் அந்தப் பக்கம்
குருசுக்குப்பத்து வெயில் தெரியும்.

அதிரியான் சார்செல்லிலிருந்து அனுப்புவான்
வீட்டுச் சாமானோடு கப்பலில்,
வாஷிங் மெஷின் உருளைக்குள் போர்வை சுற்றி.
அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
ஒற்றைச் செருப்புக்கும் கிராமபோன் ஊசிக்கும் நடுவே கிடக்குமாம்.

அடியில் வருடம் குத்தியிருக்கும்.
தேய்ந்துபோனதற்கு, ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் இருக்கிறது.
ஒட்டவில்லையா, பித்தளை: ஜெயித்துக்கொண்டிருந்தார்கள்.
ஒட்டினால்
இரும்புக்குப் பித்தளை முலாம்,
கையிருப்பு தீர ஆரம்பித்துவிட்டது.

கடற்காற்றுக்கு முதலில் இளகுவதும் அதுதான்.
மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய்,
பழைய வேட்டித் துணி.
அன்றைக்குப் பிலோமினா பேசமாட்டாள்.

எட்டும் கீழே விழுந்த பாதிகள்.
மேலே போன பாதி எந்த ஊர் இருட்டில்
யாரைத் தேடிப் போனதோ
அதை அதிரியானால் அனுப்ப முடியாது.

ஒன்பதாவது, தலை.
உள்ளங்கையில் நிற்கும் அலுமினியக் கூம்பு.
மருந்தில்லை என்று மாதாமேல் சத்தியம் செய்தான்.
நான் முப்பத்தோரு வருடம் எக்ஸ்ரே எடுத்தவன்,
சத்தியத்தை நம்புகிற உத்தியோகமில்லை.
நைட் டியூட்டியில் ஒரு தொடை எலும்புக்கும்
நாலணா விழுங்கிய பிள்ளைக்கும் இடையில்
அதையும் ஒரு பிளேட் எடுத்தேன்.
பெயர்: ழெர்மான். வயது: அறுபத்தைந்து.

உள்ளே பல்சக்கரங்கள்.
முள் இல்லாத ஒரு கைக்கடிகாரம்,
முப்பது நொடிக்கு மேல் எண்ணத் தெரியாதது.
ஆயுளில் ஒரே தரம் ஓட வேண்டும்.
இது ஓடவில்லை.

போன மாதம் மாடியில் குடியிருப்பவர்
போலீசுக்குப் போன் போட்டுவிட்டார்.
எஸ்.ஐ. தனபூபதி நிலைப்படியிலேயே நின்றார்,
ஷூவைக் கழற்றுவதா ஓடுவதா என்று.
பெரியதை எடுத்து, துளையில் வாய் வைத்து ஊதினேன்.
கப்பல் கிளம்புகிற சத்தம்.
உள்ளே வந்தார்.

“எம்டன் போட்டதா?”
“அது மொத சண்டை சார். இது ரெண்டாவது.
இந்தப் பக்கமே வரல.”
“பின்ன எதுக்கு வச்சிருக்கீங்க?”
பதிலுக்குக் காந்தத்தைக் காட்டினேன்.
ஒட்டிப் பார்த்தார். எடுத்தார். மறுபடி ஒட்டினார்.

குறித்துக்கொண்டார்:
பூக்குவளை மாதிரி எட்டு.
கடிகாரம் ஒன்று, ஓடாதது.
கையெழுத்துப் போட்டேன்.

கிளம்பும்போது அந்தத் தலையைக் கேட்டு வாங்கி
காதோடு வைத்தார்.
பழக்கதோஷம். என் வாய் தானாகச் சொன்னது:
“மூச்ச இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க.”

பிடித்தார்.

மாடியில் மிக்சி நின்றது.
பிலோமினா கரண்டியோடு வந்து கதவருகே நின்றாள்.
நானும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில்
‘விடலாம்’ என்று சொல்ல மறந்துவிட்டேன்.