பன்னிரண்டு மில்லி

கரண்டு பில்லின் பின்பக்கத்தில்தான் முதலில் வரைந்தார்.
கொல்லைச் சுவரோடு ஒரு அறை, பத்துக்குப் பதினான்கு.
மூன்று பக்கமும் கண்ணாடி. மேலேயும் கண்ணாடி.
"சித்திரையில் உள்ளே முட்டை வைத்தால் வெந்துவிடும்" என்றேன்.
"வேகட்டும் புள்ள, முதல்ல கட்டுவோம்."

பதினெட்டு வருசம் தோஹாவில்
முப்பதாவது மாடி, நாற்பதாவது மாடி என்று
இடுப்பில் கயிற்றோடு தொங்கி
யார் யாருக்கோ கண்ணாடி பதித்தவர்.
ஒன்றுக்குள்ளும் உட்கார்ந்ததில்லை.
இதை அவர் சொல்லவில்லை.
பெட்டியில் வந்த தடித்த கையுறைகளைத் துவைத்தபோது
நானாக நினைத்துக்கொண்டது.

கூத்தாநல்லூரில் எங்கள் தெரு கொஞ்சம் சிரித்தது.
மெஹருன்னிசா மதிலுக்கு மேல் தலையை நீட்டி
"மீன் தொட்டியா மச்சி? எந்த மீனுக்கு?" என்றாள்.
கொத்தனார் கலியபெருமாள் சிரிக்கவில்லை.
குனிந்து, கொல்லை வெடிப்புக்குள் கையை விட்டார்.
மணிக்கட்டு வரை போயிற்று.

"களிமண்ணு, பாய்.
கோடையில வாயைப் பொளக்கும்,
மேட்டூர் தொறந்து வாய்க்கால்ல தண்ணி வந்தா உப்பும்.
செங்கல்லு பொறுத்துக்கும்.
கண்ணாடி?"

ஒரு வருசம் கட்டவில்லை.
நான்கு முளைக்குச்சி அடித்து, நூல் இழுத்து,
வெள்ளிதோறும் ஜும்ஆ முடிந்து வந்து அளந்தார்.
ஆடியில் குச்சிகள் ஏறின. மாசியில் இறங்கின.
மகனின் பழைய கணக்கு நோட்டில்
மண் மூச்சுவிட்டதெல்லாம் எண்களாக நிறைந்தது.

என்னிடம் வேறு கணக்கு இருந்தது.
அவர் ஊர் திரும்பிப் பதினான்கு மாதம்.
விடியலில் எழுந்து அவரே தேத்தண்ணி போடுவார்,
கேம்ப் பழக்கம்.
ஒரு டம்ளர் மட்டும்.

பிறகு ஒன்பதடிக்குத் துளையிட்டுக் கால்கள் இறக்கினார்கள்.
நாகப்பட்டினத்தில் படகுக்கு வெல்டிங் வைக்கும் செபஸ்தியான்
அலுமினியச் சட்டத்தோடு வந்தான்.
எல்லாம் கூடிவந்த நாளில் சண்டை.
கலியபெருமாள் பழைய சுவரைக் குடைந்து
கம்பியால் பிணைக்கப் பார்த்தார்.
அப்படி இவர் கத்தி நான் கேட்டதில்லை.

"கட்டாதீங்க!
பழைய வீடு அது பாட்டுக்கு அசையும்,
இது இது பாட்டுக்கு அசையும்.
கட்டினா ரெண்டும் விரியும்.
நடுவுல பன்னிரண்டு மில்லி விடுங்க."

"ஒட்டாமல் எப்படி ஒரே வீடாகும்?" என்று
நான்தான் கேட்டேன்.
சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து
அந்தச் சந்தில் சிலிக்கானை இழுத்துக்கொண்டே போனார்.
மேலிருந்து கீழ் வரை, ஒரே இழுப்பு.
"மழை உள்ள வராது.
அது போதும்."

முட்டை வேகவில்லை. வைத்துப் பார்த்தேன்.
ஆனால் மன்னார்குடியில் வாங்கிய ஆர்க்கிட் இரண்டும்
பங்குனியிலேயே கருகின.
மேலே பச்சை வலை போட்டோம், வீடு நர்சரி போல ஆயிற்று.
யாரும் நடாத தொட்டி ஒன்றில்
நோன்பு திறந்த பேரீச்சங்கொட்டை
ஈர்க்குச்சி மாதிரி ஒற்றை இலை விட்டிருக்கிறது.
அதைப் பிடுங்க எங்கள் இருவருக்கும் மனமில்லை.

இப்போது ஐப்பசி.
விளக்குப் போட்டால்
வயலில் இருக்கும் பச்சைப்பூச்சி மொத்தமும் வந்து
கண்ணாடியில் அப்பிக்கொள்கிறது.
அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்கிறோம்.
தலைக்கு ஒரு சாண் மேலே மழை உடைகிறது, நனையவில்லை.
இரண்டு டம்ளர் கொண்டுவந்தார்.
என்னுடையதில் சர்க்கரை மிக அதிகம்.
சொல்லவில்லை, குடித்தேன்.

எழுந்து போய்
சுவரும் சட்டமும் சேராத இடத்தில்
கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்க்கிறார்.
"கொஞ்சம் நகர்ந்திருக்கு."
"எவ்வளவு?"
"அளக்கணும்."

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது,
வந்து உட்காருங்கள் என்றேன்.