ஏவல் வினை

கல்முனை பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால்
போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல்மாடி.
சனிக்கிழமை, நாலு மணி.
கீழே ஒருவன் அக்கரைப்பற்று, அக்கரைப்பற்று என்று
ஊரையே ஏலம் போடுகிறான்.
மேலே எங்களுக்கு பாஸ்ட் சிம்பிள்.

சிம்பிளாம்.

யதுர்ஷிகா மிஸ்ஸுக்கு இருபத்து மூன்று வயது,
என் மூத்தவளுக்கு ஒரு வயது இளசு.
"உங்கட கதையொண்டு சொல்லுங்க,
முடிஞ்சுபோன கதையா இருக்கோணும்" என்றா.

கருவாட்டுக்கடைப் பவளராணி
சுறா வெட்டின கதை சொன்னா.
நேற்றும் கட், இன்றும் கட் என்று தெரிந்ததும்
பாதிப் பாடம் லாபம் என்று சிரித்தா.
ஆட்டோ மன்சூர் கோவுக்கு வால் வைத்து கோட் என்றார்.
இல்லையாம், வென்ட்.
போவதற்கும் போனதற்கும்
ஓர் எழுத்துக்கூட ஒட்டில்லை.
எனக்கு அது சரியாகத்தான் பட்டது.
சாய்ந்தமருதில் ஏறினவளுக்கும்
குவைத்தில் இறங்கினவளுக்கும்
அவ்வளவு உறவுதான்.

அறுகம்பே ஹோட்டலில் ஆள் எடுக்கிறார்கள்.
முன்னே என்ன செய்தாய் என்று கேட்பார்களாம்.
அதற்காகத்தான் வந்தேன்.

என் முறை.
எனக்கு இங்கிலிஷ் தெரியாமல் இல்லை, மிஸ்.
ஒன்பது வருடம் காதால் தின்றது.
கம். கோ. வாஷ். அயர்ன்.
பிரிங் டீ. ஷட் த டோர்.
வீட்டுக்காரியை மாமா என்று கூப்பிடவேண்டும் அங்கே.
மாமாவின் இங்கிலிஷில் நேற்று என்று ஒன்றில்லை.
நேற்றுக் கழுவினது கணக்கில் வராது,
அதனால் எந்நாளும் வாஷ்.

மிஸ் அந்தச் சொல்லின் வாலில்
இரண்டு எழுத்துப் போட்டா.
ஐ வாஷ்ட்.
சொல்லிப் பார்த்தேன்.
கூடை கூடையாய்க் கிடந்த ஈரத்துணி
ஒரே வெயிலில் காய்ந்த மாதிரி இருந்தது.
ஐ அயர்ன்ட். ஐ குக்ட்.
ஐ வெயிட்டட், பாஸ்போர்ட் அவள் அலுமாரியில்.

ஹர்ட்டும் மாறாதாம்.
அன்றைக்கும் ஹர்ட், இன்றைக்கும் ஹர்ட்.
ஏன் என்று மன்சூர் கேட்டார்.
மிஸ்ஸுக்கு விடை தெரியவில்லை.
நான் மணிக்கட்டை
அபாயாக் கைக்குள் இழுத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்தப் புதினம்.
டிட் நொட் வந்து முன்னால் நின்றால்
வினையின் வால் உதிர்ந்துவிடுமாம்.
மறுபடியும் கம், கோ, வாஷ்.
மாமாவின் சொற்களேதான், அதே மொட்டை உருவம்.
ஆனால் வாசலில் ஒருத்தி
இரண்டு கையையும் விரித்து மறித்து நிற்கிறாள்.

வீட்டுப்பாடம், செய்யாதவை ஐந்து.
இரவு, இளையவள் தூங்கினபின்,
போன வருடக் கலண்டரின் முதுகில் எழுதினேன்.

ஐ டிட் நொட் கம்.
ஐ டிட் நொட் வாஷ்.
ஐ டிட் நொட் அயர்ன்.
ஐ டிட் நொட் பிரிங் டீ.

நாலும் பச்சைப் பொய்.
இலக்கணம் பிழையில்லை, மிஸ் சரி போடுவா.
எழுத எழுத பேனை வழுக்கிக்கொண்டு ஓடியது.

ஐந்தாவதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.
கடைசி நாள், சுபஹுக்கு முன்,
கையில் ஒரு பை, காலில் அவள் மகளின் பழைய செருப்பு.
அந்த வீட்டின் ஏசிக் குளிரெல்லாம்
என் பின்னாலேயே தெருவுக்கு வந்தது.

ஐ டிட் நொட் ஷட் த டோர்.