மூன்றாவது பெட்டி

பெட்டவாவாவில் பெப்ரவரி.
ராணுவக் குடியிருப்பின் வெந்நீர்க் குழாய்கள்
இரவெல்லாம் இருமுகின்றன.
சாப்பாட்டு மேசையில் பதினொரு பக்க விண்ணப்பம்.
ஓரத்தில் ஒரு சொட்டுப் பருப்பு.
துடைத்தால் பெரிதாகும், விட்டுவிட்டேன்.

குடும்பப் பெயருக்குப் பதினாறு கட்டங்கள்.
சிவஞானசுந்தரம் ஆங்கிலத்தில் பதினேழு.
கடைசி எழுத்து வெளியே நிற்கிறது,
பேருந்தைத் தவறவிட்ட ஆள் மாதிரி.
அம்மாவைப் படைப்பிரிவில் 'சிவா' என்கிறார்கள்.
அது தாத்தாவின் பெயரில் முதல் பாதி.
மிச்சப் பாதியை இங்கே ஒருவரும் கேட்டதில்லை.

படித்த பள்ளிக்கூடங்கள்?
கேஜ்டவுன். ஷைலோ. எட்மன்டன்.
எட்மன்டனில் இன்னொன்று.
நாலு வரிதான் தந்திருந்தார்கள்.
ஐந்தாவதை விளிம்பில் நெருக்கி எழுதினேன்.
ஒவ்வொன்றிலும்
பூட்டின் இலக்கம் விரலுக்குப் பழகுகிற வாரத்தில்
வாசலில் லாரி வந்து நிற்கும்.

பிறகு கட்டுரை:
'ராணுவ வாழ்க்கை உங்களை எவ்வாறு உருவாக்கியது?
ஐந்நூறு சொற்களில்.'

சப்பாத்துச் சத்தம் கேட்டால்
வாழைகளுக்குள் மூச்சடக்கிக் கிடந்த
எட்டு வயதுப் பிள்ளை,
முப்பத்தொரு வயதில்
தானே போய்ச் சப்பாத்துக்கு அளவு கொடுத்தாள்.
ஏனென்று ஒருதரம் கேட்டேன்.
"சம்பளம், பல் வைத்தியம், உன்ரை படிப்பு" என்றாள்,
கைகளில் கிறீஸைத் துடைத்துக்கொண்டே.
ஐந்து சொல்.
மிச்சம் நானூற்றுத் தொண்ணூற்றைந்து
எனக்குத் தெரியாது.
இப்போது லாத்வியாவில்
சேறு குடித்த லாரி ஒன்றுக்கு அடியில்
அவற்றோடு மல்லாந்து படுத்திருக்கிறாள்.

ஏழு மணிக்கு எமெட் வந்தான்.
அவர்கள் வீட்டுப் பிரின்டரில் மை இல்லையாம்.
முன்பு எதிர்வீடு, இப்போது பெம்புரோக்கில் வாடகைக்கு.
எதிர்வீட்டுக்கு வந்த புதுக் குடும்பத்தின் நாய்
அவனைப் பார்த்து விடாமல் குரைத்தது.
அந்த வாசலில் பனி தள்ளி வளர்ந்தவனைப் பார்த்து.

ஆறாம் பக்கம்.
பெற்றோரின் நிலை: ஒன்றை மட்டும் குறிக்கவும்.
பணியில் இறந்தவர்.
பணியில் காயமுற்றவர்.
பணியில் உள்ளவர்.

முதலாவதற்கு நாலு வருடமும் முழுக் கட்டணம்,
விடுதி, புத்தகம், குளிர் அங்கிக்குக்கூட ஒரு தொகை.
மூன்றாவதற்கு ஆயிரத்து ஐந்நூறு டொலர், ஒரே தடவை.
நேற்றிரவுதான் அப்பாவிடம் கத்தியிருந்தேன்,
இதென்ன பிச்சைக் காசு,
விடுதிச் சாப்பாட்டுக்கே காணாது என்று.
அப்பா ஒன்றும் பேசாமல்
டயர் கடைக் கையுறைகளைக் காயப்போட்டார்.

எமெட் வாசிக்கவில்லை.
கையொப்பம் போடுகிற வேகத்தில்
முதல் பெட்டியில் குறியிட்டுப் பக்கத்தைத் திருப்பினான்.
எத்தனை விண்ணப்பங்களில் போட்ட குறியோ,
கை தானாகவே அங்கே போனது.
"உனக்கு எவ்வளவு?" என்றான்.
சொன்னேன்.
"நல்லது" என்றான்.
அதில் கேலியைத் தேடினேன். இல்லை.

அப்பா கேட்காமலே
அவனுக்கும் சோறு போட்டார்.
கத்தரிக்காயை ஒதுக்கிவைத்தான்,
பத்து வயதில் ஒதுக்கியதைப் போலவே.
சாப்பிட்டு முடிகையில் மட்டும்
"அவருக்கு எங்கள் வீட்டு பார்பிக்யூவில்
உங்கள் மிளகாய்த்தூளைப் போட விருப்பம்" என்றான்.
யாரும் பதில் சொல்லவில்லை.
குழாய்கள் இருமின.

லாத்வியாவில் பின்னிரவு மூன்று.
கைபேசி அதிர்ந்தது:
'கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டன்.
படம் தெளிவில்லையெண்டால் சொல்லு.
சாப்பிட்டியோ?'

கடைசி நாளில் சுங்க வரி கட்டுகிறவன் போல
இத்தனை நாள் இழுத்தடித்த பக்கத்தை எடுத்தேன்.
எமெட் தன் பேனையை நீட்டினான்.
மூன்றாவது பெட்டி.
ஆயிரத்து ஐந்நூறு.
அதைவிடப் பெரிய தொகையை
எனக்கு ஒருபோதும் தந்துவிடாதே என்று
எந்தக் குழுவிடம் விண்ணப்பிப்பது,
எந்தத் திகதிக்குள்?

அழுத்திப் போட்ட குறி
அடுத்த பக்கத்திலும் பதிந்துவிட்டது.
அங்கே
'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்றிருக்கிறது.